சேறு மேலா, கீழா

தடாவைத் தாண்டி உப்பளம் முடிகிற இடத்தில்
பெஞ்சலய்யா ஜீப்பை நிறுத்திவிட்டார்.
இனி ரோடு கிடையாது மேடம்.
முந்தாநாள் வரை இருந்தது என்பதற்கு
சாய்ந்த மைல்கல் ஒன்றுதான் சாட்சி,
அதிலும் பாதி ஊர்ப்பெயர், தெலுங்கில்.

கையில் டேப், கேமரா,
நூற்றுப் பத்து வீட்டுக்கு நூற்றுப் பத்துப் படிவம்.
பாலிசியில் இருபத்தேழு பக்கம்.
எனக்கு அதில் ஒரே வரிதான் வேலை:
காற்று உண்டு, கடல் இல்லை.
காற்று இடித்த வீட்டுக்குப் பணம்.
ஏறி வந்த தண்ணீர் இடித்தால் கிடையாது.
இரண்டும் ஒரே ராத்திரி வந்தன
ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு.
முதலில் கதவைத் தட்டியது எது என்று
சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை.
விழுந்த தகரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.
சேறு மேலே இருந்தால் காற்று முந்தியது.
கீழே இருந்தால் தண்ணீர்.
பதினோரு வருடம், நாலு புயல்,
இதற்கு மேல் நான் கற்றது கொஞ்சம்தான்.

பூடிமேட்டில் முதல் வீடு தேசராணியுடையது.
துருப்பிடித்த ஆணி, நாலடிக்கு ஒன்று.
முதல் வீச்சிலேயே கூரை பறந்து
கருவேலத்தில் மோதி விழுந்திருக்கிறது.
நுனியைப் பிடித்துத் தூக்கினோம்.
மேலே நாலு விரல் சேறு.
கீழே வெறும் மணல், ஒரு பிளாஸ்டிக் சீப்பு.
காற்று, என்று எழுதினேன்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
சீப்பைப் புடவையில் துடைத்துத்
தலையில் செருகிக்கொண்டாள்.

பதினாறு அடி தள்ளி அங்கம்மா வீடு.
அதை எனக்குத் தெரியும்.
போன மாசியில் பள்ளிக்கூட வராந்தாவில்
நான்தான் வகுப்பு எடுத்தேன்:
ஆணி வேண்டாம், கொக்கி போல்ட்டு போடுங்கள்,
ஓரத்தில் நெருக்கி, நடுவில் கொஞ்சம் விட்டு.
நாற்பது பேர் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.
அங்கம்மா மட்டும்
எத்தனை எம்.எம். என்று கேட்டாள்.
தோட்டைச் சூளூர்ப்பேட்டையில் வைத்து
எண்பது போல்ட்டு வாங்கினாளாம்.

அவள் கூரை பறக்கவில்லை.
காற்று நடுராத்திரி மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்து
அலுத்துவிட்டது.
அப்புறம்தான் ஏரி எழுந்து வந்து
சுவரை அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது.
கூரை நேராக இறங்கி
கோழி கவிழ்த்த கூடை மாதிரி
தரையில் உட்கார்ந்திருக்கிறது,
ஒரு தகரம்கூட விலகாமல்.

தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.
அடியில் சேறு.

வேறு மூலையில் தூக்கச் சொன்னேன்.
அங்கேயும் சேறு.

சேறு எல்லா இடத்திலும்தான் இருக்கு மேடம்,
என்றார் பெஞ்சலய்யா,
என்னைப் பார்க்காமல், ஏரியைப் பார்த்து.
நான் படிவத்தை முழங்காலில் வைத்துத்
தண்ணீர் என்று எழுதினேன்.
பேனா நன்றாகவே எழுதியது.

தேசராணிக்கு வருமா?
வரும்.
அங்கம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.
பறந்திருந்தா எனக்கும் வந்திருக்கும், இல்ல?

வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி.
ஆமாம் என்றேன். மெல்லத்தான் சொன்னேன்,
ஆனாலும் கூடியிருந்த எல்லோருக்கும் கேட்டது.
அடுத்த மாசியில் இந்த ஊரில்
ஆணி விலை ஏறும்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
ஜீப்பில் பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருக்குமா,
போல்ட்டையாவது கழட்டிக்கிறேன் என்றாள்.
பெஞ்சலய்யா சேற்றில் நடந்துபோய்
எடுத்துவந்தார்.
இன்னும் நூற்றெட்டு வீடு பாக்கி.
நான் தகரத்தை அழுத்திப் பிடிக்க
அவள் ஒவ்வொன்றாகத் திருகினாள்.

எட்டு கழன்றன.
ஒன்பதாவது அசையவே இல்லை.
சொன்னபடியே இறுக்கியிருந்தாள்.